தூதன் குறியிலிருந்து தொலைபேசி வரை: யாழ்ப்பாணத்து வீட்டு வைத்தியத்தின் கதை

நோயாளியை நேரிற் பாராமலே நோயை அறிவது இக்காலத்து விந்தை என்று பலர் எண்ணுகின்றனர். நமது பழைய வைத்திய மரபில் அதற்கென்று ஒரு பகுதியே இருந்தது. தூதன் இலக்கணம் என்பது அதன் பெயர். நோயாளி வீட்டிலே கிடப்பார். அயலவரோ உறவினரோ பரியாரியாரை அழைத்து வரப் புறப்படுவார். அவ்வாறு வந்தவர் யார், எந்த நேரத்தில் வந்தார், எத்திசை நோக்கி நின்றார், என்ன சொல்லித் தொடங்கினார், கையில் என்ன வைத்திருந்தார் என்பனவற்றைக் கொண்டு நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று வைத்தியர் கணிப்பார். ஆயுர்வேதத்திலும் சித்த வைத்தியத்திலும் இது உண்டு.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. பெரும்பகுதி அப்படித்தான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அதன் அடியில் ஒரு நடைமுறைத் தேவை இருந்தது. வண்டிப் பாதை இல்லாத ஊருக்கு இருட்டில் நடந்துபோக வேண்டிய வைத்தியருக்குப் புறப்படுமுன் சில செய்திகள் தேவைப்பட்டன. எந்தச் சரக்கைக் கட்டிக்கொண்டு போவது, உடனே போவதா விடியட்டும் என்று இருப்பதா என்பதை வந்தவரிடம் விசாரித்துத்தான் அவர் முடிவுசெய்ய முடியும். இன்று அவசர அழைப்பு நிலையத்தில் தொலைபேசியை எடுப்பவர் கேட்கும் கேள்விகளும் இத்தன்மையனவே: நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, எப்போது தொடங்கியது, வீட்டுக்கு வழி என்ன?

யாழ்ப்பாண இராச்சிய காலத்தோடு தொடர்புடைய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர் வீடுகளில் ஏடுகளாகப் பேணப்பட்டு, பின்னர் அச்சேறின. அந்த மரபில் வைத்தியம் நடந்த இடம் வீடுதான். பரியாரியார் திண்ணையில் இருந்து நாடி பார்ப்பார், குளிசையைத் தேனிலோ முலைப்பாலிலோ இழைத்துக் கொடுக்கச் சொல்வார், பத்தியம் சொல்வார். மருந்தை அரைப்பதும் பத்தியச் சோறு ஆக்குவதும் இரவில் விழித்திருப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. மகப்பேறும் வீட்டிலேயே நிகழ்ந்தது. மருத்துவிச்சி வந்து பிள்ளையை எடுத்துப் போவாள். அவளுக்குக் கொடுக்கப்பட்ட கூலியும் மரியாதையும் மிகக் குறைவு என்பதை நமது ஊர் வரலாறுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிட்டனர்.

மேனாட்டு வைத்தியம் குடாநாட்டுக்குள் வந்த கதை பலரும் அறிந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1819இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டில் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதலாவது மருத்துவ மிஷனரி அவரே என்பர். 1836இல் அவர் சென்னைக்கு மாறிச் சென்றார். வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தி. பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்கள் ஓர் இரவில் ஆண் வைத்தியரைக் காண மறுக்கப்பட்டு இறந்த நிகழ்ச்சியே தன்னை வைத்தியராக்கியது என்று ஐடா பின்னாளில் கூறிவந்தார். வைத்தியர் அருகிலேயே இருந்தும் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. யாழ்ப்பாணத்திலும் இதே தடை இருந்தது. இனுவிலில் 1898இல் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டமைக்கும் அங்கு பெண் வைத்தியர் பணிபுரிந்தமைக்கும் காரணம் இதுவே.

ஆனால் இக்கட்டுரைக்கு முதன்மையானவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் 1822இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையில் தொடங்கி, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டார். இடையில் ஒருமுறை தாயகம் சென்று 1862இல் திரும்பி, 1873வரை இங்கே இருந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் இன்றும் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை உள்ளது.

நோயாளரை அவர் பார்த்தார் என்பதில் புதுமை இல்லை. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவிலிருந்து ஒரு வைத்தியரை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது என்பதை அவர் வந்த சிறிது காலத்திலேயே உணர்ந்தார் என்பதுதான் புதுமை. ஊர்ப் பிள்ளைகளை வைத்தியராக்கி ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். முதலில் ஆங்கிலத்தில் பயிற்றினார். அவ்வாறு பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடிச் சென்றதைக் கண்டு, 1864 அளவில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழ்மூலம் படித்தவர் ஊரில் தங்குவார், ஊராரின் வீட்டுக்குப் போவார், அவர்களுக்கு விளங்கும் சொல்லில் நோயைச் சொல்வார் என்பது அவருடைய கணக்கு. மாணவர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆங்கிலம் இல்லாவிட்டால் உத்தியோகம் இல்லை என்ற அச்சம் அப்போதே வேரூன்றியிருந்தது. அவர்களைக் குறைகூற முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய பெற்றோரும் அதையேதான் சொல்கின்றனர்.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டும். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய கட்டரின் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற பெயரில் வெளிவந்தது. மோன்செல் எழுதிய மகப்பேற்று நூல் 1857இலும், துரூயிற்றின் அறுவை வைத்திய நூல் ‘இரண வைத்தியம்’ என 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும் வந்தன. சப்மன், டன்வர்த், போல் முதலிய மாணவர்கள் இப்பணியில் உடனுழைத்தனர், கிறீன் திருத்தினார். கலைச்சொல் ஆக்கத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லையெனில் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. பாடத்திட்டக் குழுக்கள் நூறாண்டு கழித்து நீண்ட விவாதங்களின் பின் வந்தடைந்ததும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான்.

1873இல் உடல்நலக் குறைவோடு கிறீன் வூஸ்டருக்குத் திரும்பினார். இங்கேதான் நமது பொருளுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. அவர் பணியை நிறுத்தவில்லை. தாள்கள் நீராவிக் கப்பல்களில் வாரக்கணக்காகப் பயணம் செய்ய, திருத்தங்களை அஞ்சலில் எழுதி அனுப்பினார். ‘கெமிஸ்தம்’ 1875இலும், டால்ற்றனின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இலும், இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய நூல் 1884இலும் வெளிவந்தன. 1884இல் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று பொருள்படும் சொற்களைத் தம் கல்லறையில் பொறிக்குமாறு அவர் கேட்டிருந்தார். பதினோர் ஆண்டுகள், உலகின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு, மானிப்பாயில் ஒரு வைத்தியன் தன் நோயாளியிடம் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவர் கவலைப்பட்டார். தொலைமருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் வேறு இடங்களில் அதன் தொடக்கத்தைத் தேடுகின்றனர். ஒல்லாந்தின் லெய்டன் நகரில் ஐந்தோவன் 1905இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தமது ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பின் வரைபடத்தை அனுப்பினார். ஆஸ்திரேலியப் பாலைப்புறங்களில் 1929 முதல் கால்மிதி வானொலி மூலம் வைத்தியரை அழைத்தனர். கருவியின் வரலாறு அது. அந்தக் கருவி வந்துசேரும் வீட்டில் கேட்டு விளங்கிச் செய்யக்கூடிய ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதன் வரலாற்றுக்கு மானிப்பாய்தான் சரியான இடம் என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் அந்த ஆள் ஒரு பெண்ணாக, சைக்கிளில் வந்தார். களுத்துறையில் 1926இல், ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு, இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. குறித்த எண்ணிக்கையான மக்களுக்கு ஒரு மருத்துவ மாது, அவர் வீடு வீடாகச் செல்வார் என்ற ஏற்பாடு அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இன்று நாம் குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைப்பவர் அவரே. தம் பிரிவிலுள்ள குடும்பங்களின் பதிவேடு அவரிடம் இருக்கும். கருவுற்ற பெண்ணை வீட்டில் சென்று பார்ப்பார். பிள்ளை பிறந்த பின்னும் வருவார். நிறை குறைந்தால் கேட்பார். தடுப்பூசிக்கு வராவிட்டால் தேடி வருவார். 1940களின் நடுப்பகுதியில் 100,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண்ணிக்கை 30 அளவில் நிற்கிறது. மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி, மருத்துவமனைகள், வீதிகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் படலை திறந்து உள்ளே வந்த அந்தப் பெண்ணை விட்டுவிட்டு இக்கணக்கை விளக்க முடியாது.

இந்த ஏற்பாட்டின் உரத்தைக் குடாநாட்டில் சோதித்தது போர்தான். 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ். போதனா வைத்தியசாலைக்குள்ளேயே இந்திய அமைதிப்படையினரால் நோயாளர்களும், வைத்தியர் தாதியர் உட்படப் பணியாளர் 21 பேரும் கொல்லப்பட்டனர். மருத்துவமனை காப்பிடம் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. 1990இல் மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது, எரிபொருளுக்கும் பல பொருள்களுக்கும் தடை வந்தது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பின் கீழ் போதனா வைத்தியசாலை இயங்கியது. நோயாளியைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்த காலம் அது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலமும் அதுவே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் சென்றபோது, வீடே இல்லாதவர்களுக்கு வீட்டு வைத்தியம் பள்ளிக்கூட மண்டபங்களிலும் கோயில் வீதிகளிலும் நடந்தது. பதிவேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, தம் பிரிவுத் தாய்மார் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கின்றனர் என்று தேடிச்சென்ற குடும்பநல மாதர்களைப் பற்றி அந்நாட்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்திரிகைகளில் அவர்களுக்கு ஒரு மூலைச் செய்திகூடக் கிடைக்கவில்லை. குண்டு விழுந்த இடத்தை எழுதினோம். மறுநாள் அவ்வொழுங்கைக்குள் சென்றவரை எழுதவில்லை.

இக்காலத்தோடு சேர்த்து நினைக்க வேண்டிய மற்றொருவர் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம். இலக்கிய வாசகர்களுக்கு அவர் நந்தி. ‘மலைக்கொழுந்து’ நாவலின் ஆசிரியர். யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பியவர். ‘அருமைத் தங்கைக்கு’, ‘அன்புள்ள நந்தினி’ என்று கடிதத்தின் விளிபோலத் தலைப்பிட்டு, தாய் சேய் நலம் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதினார். வைத்தியர் வீட்டுக்கு வர முடியாதபோது அண்ணன் எழுதிய கடிதம் வரலாமல்லவா? கிறீன் தொடக்கிவைத்த வேலையின் தொடர்ச்சி இது. ஆனால் பண்டிதர் தமிழ் போய்ப் பேசும் குரல் வந்துவிட்டது. நந்தி 2005இல் மறைந்தார். ஆய்வு செய்வது எப்படி என்று மாணவருக்குக் கற்பிக்க அவர் எழுதிய ஆங்கில நூலும் உண்டு. அவருடைய மாணவர்கள் நீரிழிவையும் உயர் குருதியமுக்கத்தையும் மனவடுவையும் கிராம மட்டத்திலே சென்று ஆராய்ந்தமைக்கு அந்தப் பயிற்சியே அடிப்படை.

2002 போர்நிறுத்தத்தின் பின் கைத்தொலைபேசி குடாநாட்டுக்கு வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு அது எல்லா வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 2018 யூலை 21ஆம் திகதி, இந்திய நன்கொடையில் இயங்கிய 1990 சுவசெரிய அவசர நோயாளர் வண்டிச் சேவை வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. அவ்விழா யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. இந்தியப் பிரதமர் மோடி தில்லியிலிருந்து காணொளி மூலம் பேசினார். தொலைவிலிருந்து வைத்தியத்தை அழைக்கும் சேவையைத் தொலைவிலிருந்தே தொடக்கிவைத்தார் என்று நண்பர் ஒருவர் அன்று பகிடி விட்டார். பகிடி ஒருபுறமிருக்க, அந்த வண்டிகள் பல உயிர்களைக் காத்துள்ளன. ஆனால் நெடுந்தீவுக்கு அந்த எண்ணை அழைத்தாலும் கடல் இருக்கிறது. குறிகட்டுவான் துறைக்கு நோயாளியைப் படகிற் கொண்டுவந்த பின்னரே வண்டி உதவும். காற்று அடிக்கும் காலத்தில் அந்தப் படகுப் பயணம் என்னவென்று தீவாருக்குத் தெரியும்.

கொரோனாப் பெருந்தொற்று இதையெல்லாம் ஒரே மாதத்தில் முன்னுக்குக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மாதாந்தக் கிளினிக்குக்குக் கொப்பியோடு சென்று வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான நீரிழிவு, இதய நோயாளர் வீட்டில் அடைபட்டனர். நாடளவில் தபால் திணைக்களத்தின் உதவியோடு மருந்துகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. கிறீனுடைய திருத்தங்களைச் சுமந்த அதே அஞ்சல்தான். 2021இல் தொற்றாளரை வீட்டில் வைத்தே பராமரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 1390 என்ற எண்ணில் வைத்திய ஆலோசனை வழங்கப்பட்டது. மனநல உதவிக்கு ஏற்பட்ட எண் 1926. களுத்துறைப் பிரிவு தொடங்கிய ஆண்டும் 1926. தற்செயல் ஒற்றுமைதான், ஆயினும் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமற்போனபோது மறுபடியும் சைக்கிள்கள் வெளியே வந்தன. அவ்வாண்டிலிருந்து வைத்தியர்களும் தாதியர்களும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுச் செல்லத் தொடங்கினர்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2015இல் கொக்ரேன் அமைப்பு தொலைமருத்துவம் பற்றிய 93 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. இதயச் செயலிழப்பு நோயாளரிடையே, வழமையான கவனிப்புக்கும் தொலைமருத்துவத்துக்கும் இடையில் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. நீரிழிவாளரின் குருதி வெல்லக் கட்டுப்பாடு மேம்பட்டது. அமெரிக்காவில் 1,653 நோயாளரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வில், நோயாளர் நாள்தோறும் தொலைபேசி இயந்திரத்திடம் தம் நிறையையும் அறிகுறிகளையும் பதிந்துவந்தபோதிலும் பயன் எதுவும் கிடைக்கவில்லை. இவற்றுக்கு அருகில் மகாராட்டிர மாநிலத்துக் கட்சிரோலியை வைத்துப் பாருங்கள். அங்கு அபய் பாங், ராணி பாங் தம்பதியர் கிராமத்துப் பெண்களைப் பயிற்றி, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே சென்று கவனிக்கச் செய்தனர். சிசு இறப்பு 62 வீதம் குறைந்தது என்று 1999இல் லான்செற் இதழில் வெளியிட்டனர். தொலைபேசி அதில் இல்லை. பையில் ஒரு தராசு, வெப்பமானி, மருந்து. போகும் ஆளுக்கு அயல் வீடு.

தமிழகத்தில் 2021 ஓகஸ்ற் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. குருதியமுக்கம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுசெல்வது, படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவம், நோய்தணிப்புச் சேவை என்பன அதில் அடங்கும். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்தணிப்புப் பராமரிப்பு, அயலார் தொண்டர்களாக வீட்டுக்குச் செல்லும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் அம்மாநில அரசின் கொள்கையாயிற்று. கடல் தாண்டினால் இருக்கும் இடங்கள் இவை. நாமோ ரொறன்ரோவையும் இலண்டனையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கும் காரணம் இருக்கிறது. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியே இருக்கின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில். முற்றத்தில் கண்காணிப்புக் கமரா. மேசையில் குருதியமுக்கம் பார்க்கும் கருவி. இரவில் வட்ஸ்அப்பில் மகளின் முகம். ‘அம்மா, பிறஷர் எத்தனை?’ என்று அங்கிருந்து கேட்கிறாள். கருவியின் பட்டியைத் தாமே ஒரு கையால் கட்டிக்கொள்ள இயலாத எண்பது வயதுத் தாய், முந்தாநாள் இருந்த எண்ணையே மறுபடியும் சொல்கிறார். அங்கே மகள் நிம்மதியாக உறங்குகிறாள். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் தனியார் சேவைகள் யாழ். நகரில் பெருகியுள்ளன, பணம் வருகின்ற வீட்டுக்கு ஆள் வருகிறது. பிள்ளைகள் போரில் இறந்த வீட்டுக்கும், வன்னியிலிருந்து திரும்பிவந்த வீட்டுக்கும் அவர்கள் வருவதில்லை.

குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் தாயும் சேயும் இருக்கின்றனர். தனித்திருக்கும் முதியவருக்கு அதில் ஒரு பக்கம் இல்லை. முதியோர் கொடுப்பனவு பெறுவோரின் பட்டியல் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. மாதாந்தக் கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் யார் என்பது மருத்துவமனையில் இருக்கிறது. யார் தனியே வாழ்கிறார் என்பது கிராம அலுவலருக்குத் தெரியும். இந்த நான்கையும் ஒரு மேசையில் வைத்து ஒப்பிடச் செயலி எதுவும் தேவையில்லை. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில், ஒரு மாதத்தில், பல்கலைக்கழக மாணவர் நால்வரைக்கொண்டு செய்துவிடலாம். நெடுந்தீவில் தொடங்குவதானால் படகுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.